காந்தத்துக்கு அசையும் பின்னலும் அசையாத பின்னலும்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் குவாண்டம் பின்னல் (எண்டாங்கிள்மெண்ட், அதாவது இரண்டு துகள்களின் நிலையைத் தனித்தனியாகச் சொல்ல முடியாதபடி பிணைந்து கிடப்பது) பற்றிக் கருத்தரங்கு என்று ஒன்று நடந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று மேடையில் வரும்: "காந்தப்புலத்தக் கூட்டிக் கொறச்சு எண்டாங்கிள்மெண்ட கன்ட்ரோல் பண்ணலாமுங்க." இன்னொன்று டீ இடைவேளையில் வரும்: "அதெல்லாம் பெங்களூர்ல, ஐஐடியில பாக்கற சமாச்சாரமுங்க. நம்மூர்ல காந்தம்னா பம்பு மோட்டாருதானுங்க." இரண்டுமே பாதி சரி. மேடை வாக்கியம் ஏதோ மின்விசிறி ரெகுலேட்டரைத் திருகுவது போல ஒரு படத்தைக் கேட்பவர் மனதில் போட்டுவிடுகிறது. இரண்டு ஸ்பின் (எலக்ட்ரானுக்குள் இருக்கும் சிறு காந்தத் தன்மை) கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அந்தப் படம் உறுத்தும். டீக்கடை வாக்கியமோ, எம்.எஸ்சி. வேதியியல் ஆய்வகத்தின் அலமாரியில் நிற்கும் நீலப்பச்சைக் காப்பர் அசிடேட் புட்டியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இரண்டின் பிழையும் ஒரே எண்ணில் போய் முடிகிறது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

இரண்டு ஸ்பின், நான்கு மட்டம்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாமிர அயனிகள், ஒவ்வொன்றிலும் அரை ஸ்பின், நடுவே எதிர்ஃபெரோ காந்த இடைவினை (இரண்டையும் எதிரெதிராக நிறுத்தப் பார்ப்பது). இதற்கு நான்கு நிலைகள். கீழே ஒரு சிங்லெட் (இரண்டு ஸ்பின்னும் ஒன்றையொன்று ரத்து செய்யும் நிலை), அதற்கு மேலே ஒரே உயரத்தில் மூன்று டிரிப்லெட் (இரண்டும் கூடி ஒரு முழு ஸ்பின்னாகும் நிலைகள்). இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆற்றல் இடைவெளிதான் இந்தக் கட்டுரை முழுவதும் வரப்போகும் எண். அதை வெப்பநிலை அலகான கெல்வினிலேயே சொல்லிவிடுவது வசதி. சிங்லெட் முழுக்கப் பின்னிய நிலை. வூட்டர்ஸ் 1998-இல் தந்த கன்கரன்ஸ் அளவில் (பின்னலை 0 முதல் 1 வரை அளப்பது) அதற்கு 1. டிரிப்லெட்டில் நடுவில் இருப்பதும் முழுப் பின்னல்தான். ஆனால் இரண்டு ஸ்பின்னும் புலத்தின் பக்கம் சாய்ந்த நிலைக்கும், இரண்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்த நிலைக்கும் பின்னல் சுத்தமாக இல்லை, கன்கரன்ஸ் 0.

இங்கேயே முதல் தடுக்கல் இருக்கிறது. இடைவினையின் அளவை ஜே என்று எழுதுகிறோம், ஆனால் எந்த ஜே என்பதை ஆய்வுக்கட்டுரைகள் ஒரே மாதிரி வைப்பதில்லை. ஸ்பின் இயக்கிகளை வைத்து எழுதினால் இடைவெளி ஒரு ஜே. பழைய வேதியியல்காரர்கள் கழித்தல் குறியோடு இரண்டு ஜே என்று எழுதுவார்கள். பவுலி அணிகளை வைத்து எழுதினால் இடைவெளி நான்கு ஜே ஆகிவிடும். ஆர்னசன், போஸ், வேத்ரல் மூவரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்குத் தொடக்கம் மாதிரி. அதில் சங்கிலியை வளையமாக மூடுவதால் இரண்டே ஸ்பின் இருக்கும்போது ஒரே பிணைப்பு இரண்டு தடவை எண்ணப்பட்டு இடைவெளி எட்டு ஜே என்று வரும். அந்தக் கட்டுரையின் சூத்திரத்தில் வேதியியல் அட்டவணையின் ஜே-யைப் போட்டால், அடியில் இருக்கும் மட்டம் மாறுகிற காந்தப்புலம் நாலு மடங்கு, எட்டு மடங்கு தப்பும். ஆகவே ஜே-யை மறந்துவிட்டு, சிங்லெட்டுக்கும் டிரிப்லெட்டுக்கும் நடுவே எத்தனை கெல்வின் என்று மட்டும் கேட்பது நல்லது.

புலம் இல்லாதபோது கணக்கு எளிது. இடைவெளியை வெப்பநிலையால் வகுத்து, அதை இ (2.718) என்ற எண்ணின் அடுக்காக ஏற்றினால் ஓர் எண் வரும். அந்த எண்ணில் 3-ஐக் கழித்ததை, அதே எண்ணோடு 3-ஐக் கூட்டியதால் வகுத்தால் கன்கரன்ஸ். இடைவெளி 5 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். 1 கெல்வினில் கன்கரன்ஸ் 0.96. 2 கெல்வினில் 0.60. திரவ ஹீலியம் கொதிக்கும் 4.2 கெல்வினில் 0.046, அதாவது பேருக்கு இருக்கிறது. 4.55 கெல்வினில் பூச்சியம், அதற்கு மேல் எப்போதும் பூச்சியம். மெல்ல மெல்லத் தேய்ந்து தொலைதூரத்தில் மறைவதில்லை; ஒரு வெப்பநிலையில் சட்டென்று தீர்ந்துவிடுகிறது. அந்த எல்லை இடைவெளியின் 0.91 பங்கு.

3.72 டெஸ்லாவில் நடப்பது

இப்போது புலத்தைப் போடுவோம். சிங்லெட்டுக்குக் காந்தத் திருப்புதிறன் இல்லை. புலம் எவ்வளவு போட்டாலும் அதன் ஆற்றல் அசையாது. புலத்தின் பக்கம் சாய்ந்த டிரிப்லெட் மட்டும் ஒரு டெஸ்லாவுக்கு 1.343 கெல்வின் வீதம் இறங்கி வரும் (ஸ்பின்னின் ஆற்றல் புலத்துக்கு எவ்வளவு அசையும் என்று சொல்லும் ஜி என்ற எண் 2 என்று கொண்டால்). 5 கெல்வின் இடைவெளியை 1.343-ஆல் வகுத்தால் 3.72 டெஸ்லா. அந்த இடத்தில் இரண்டு மட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதற்குக் கீழே தரைநிலை சிங்லெட், அதற்கு மேலே தரைநிலை பின்னல் இல்லாத டிரிப்லெட். பூச்சிய வெப்பநிலையில் 3.71 டெஸ்லா வரைக்கும் கன்கரன்ஸ் 1. 3.73-இல் 0. சரியாக வெட்டும் இடத்தில் இரண்டு நிலையும் பாதிப் பாதி கலந்து 0.5. இடையில் படிப்படியாக ஒன்றுமே இல்லை.

மேடை வாக்கியம் உறுத்துவது இதனால்தான். 1 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் புலத்தை மும்மடங்கு ஏற்றினாலும் தரைநிலையின் பின்னல் நூலளவும் மாறவில்லை. சீரான புலத்தின் வேலை எந்த மட்டம் அடியில் இருப்பது என்று தீர்மானிப்பதோடு முடிகிறது. பின்னல் அந்த மட்டத்தின் குணம். அதைப் புலம் உண்டாக்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை.

வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போனதும் படம் சுவாரசியமாகிறது. மேலே சொன்ன பின்னத்தின் மேல்பகுதி, அதாவது 3-ஐக் கழித்தது, அப்படியே இருக்கிறது. புலம் கீழ்ப்பகுதியில் மட்டுமே நுழைகிறது. இதற்கு நேரடி விளைவு ஒன்று உண்டு: பின்னல் தீரும் வெப்பநிலையைப் புலத்தால் ஒரு மில்லிகெல்வின்கூட நகர்த்த முடியாது. 4.55 கெல்வின் என்றால் 0 டெஸ்லாவிலும் 4.55, 10 டெஸ்லாவிலும் 4.55. புலம் போட்டால் பின்னல் அதிகச் சூட்டைத் தாங்கும் என்று ஸ்லைடில் எழுதுகிறவர்கள் வேறு மாடலின் முடிவை இங்கே ஒட்டுகிறார்கள். கம்டாவும் ஸ்டாரேசும் 2002-இல் காட்டியது அப்படி ஒன்று. ஆனால் அது குறுக்குத் திசைகளில் இடைவினை சமமாக இல்லாத எக்ஸ்-ஒய் மாடலுக்கு. இங்கே நாம் எடுத்துக்கொண்ட, எல்லாத் திசையிலும் சமமான ஹைசன்பர்க் இடைவினைக்கு அது செல்லாது.

வெட்டும் புள்ளிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 4.5 டெஸ்லாவில் நிறுத்திவிட்டு வெப்பநிலையை மட்டும் ஏற்றுவோம். 0.2 கெல்வினில் கன்கரன்ஸ் 0.005. 0.5 கெல்வினில் 0.11. 1 கெல்வினில் 0.25. 1.5 கெல்வினில் 0.29 வரை ஏறி, 2 கெல்வினில் 0.27 என்று திரும்பி, 3 கெல்வினில் 0.16 ஆகி, வழக்கம்போல 4.55-இல் தீர்கிறது. இந்தப் படத்தைப் பார்த்ததும் எந்த வகுப்பிலும் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏனுங்க சார், சூடு ஏத்துனா பின்னல் கூடுதா? அதெப்படீங்க?" அதற்கு ஒரு பேராசிரியர் சொல்லக்கூடிய மிகச் சுருக்கமான பதில்: "பின்னல் இருக்கற மட்டம் இப்ப மேல கெடக்குது கண்ணு. சூடு ஏத்துனாத்தான் அங்க ஆளு போகும்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சூடு பின்னலைக் கெடுக்கும் என்பது பொதுவிதி மாதிரி பரவியிருக்கிறது; சிங்லெட் கீழே இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும்.

காகிதக் கணக்குக்கு மிக நெருங்கிய உண்மைப் பொருள் காப்பர் நைட்ரேட், ஒரு தாமிரத்துக்கு இரண்டரை நீர் மூலக்கூறு உள்ள வகை. அதன் இடைவெளி சுமார் 5 கெல்வின். 1963-இல் வெளிவந்த காந்த அளவீடுகளை ப்ரூக்னர், வேத்ரல், ட்ஸைலிங்கர் மூவரும் 2006-இல் மறுபடி எடுத்துப் படித்து, சுமார் 5 கெல்வினுக்குக் கீழே அந்தப் படிகத்தில் பின்னல் இருந்தே ஆகவேண்டும் என்று காட்டினார்கள். கொல்கத்தா ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) குழு இதே உப்பில் காந்த ஏற்புத்திறனையும் (சிறு புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) வெப்பக் கொள்ளளவையும் அளந்து 2013-இல் வெளியிட்டது. ஆனால் இந்த உப்பில் ஜோடிகள் தனித்தனியாக இல்லை. பக்கத்து ஜோடியோடும் கொஞ்சம் தொடர்பு உண்டு. அதனால் ஒரே புள்ளியில் நடக்கவேண்டிய வெட்டு சுமார் 2.8 டெஸ்லாவிலிருந்து 4.3 டெஸ்லா வரை பரவிக் கிடக்கிறது. இரண்டு ஸ்பின் சூத்திரத்தை இதற்கு அப்படியே பொருத்தினால் புலம் குறைவாக உள்ள பக்கம் நன்றாகப் பொருந்தும், நடுவில் பொருந்தாது. பொருந்தாததற்கு மாதிரிப் பொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொருளைக் கையாளும்போது நடக்கும் தப்பு வேறு: இது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் டெசிக்கேட்டர் என்ற ஈரம் புகாச் சாடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு எடைபோட்டால், மோல் கணக்கே தப்பு. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ஸ்குவிட் எந்திரத்தில் (மிக நுண்ணிய காந்தமானி) அளந்தாலும் பயனில்லை.

அலமாரியில் இருக்கும் நீலப்பச்சைப் புட்டி

இனி டீக்கடை வாக்கியம். வேதியியல் எம்.எஸ்சி. பாடத்தில் கூய் பேலன்ஸ் (காந்தப்புலத்தில் தொங்கும் மாதிரியின் எடை மாற்றத்தை அளக்கும் தராசு) சோதனை பல இடங்களில் உண்டு. காப்பர் சல்ஃபேட்டுக்குக் காந்தத் திருப்புதிறன் சுமார் 1.9 போர் மேக்னட்டான் (அணு அளவுக் காந்தத் திருப்புதிறனின் அலகு) வரும். காப்பர் அசிடேட்டுக்கு 1.4 தான் வரும். தாமிரங்கள் இரண்டிரண்டாக, சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், நான்கு அசிடேட் பாலங்களால் கட்டுண்டு நிற்பதால் ஸ்பின்கள் ஒன்றையொன்று அணைத்துவிடுகின்றன என்று ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி மூடிவிடுவது வழக்கம். பி. சி. குஹா 1951-இல் இதன் ஏற்புத்திறன் அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே உச்சம் தொட்டு இறங்குவதை அளந்தார். அடுத்த ஆண்டே ப்ளீனியும் பவர்ஸும் இதை சிங்லெட், டிரிப்லெட் என்று விளக்கினார்கள். இடைவெளி சுமார் 417 கெல்வின். இதை 0.91-ஆல் பெருக்கினால் சுமார் 380 கெல்வின், அதாவது 106 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் தகரக்கூரை போட்ட ஆய்வகத்திலும் அந்தப் புட்டிக்குள் கன்கரன்ஸ் சுமார் 0.12 இருக்கும். 300 கெல்வினில் 0.14.

இதை மாடலை நம்பித்தான் சொல்கிறோமா என்றால், வேண்டியதில்லை. வியெஸ்னியாக், வேத்ரல், ப்ரூக்னர் 2005-இல் தந்த சாட்சிவிதி ஒன்று உண்டு. ஓர் அரை ஸ்பின்னின் மூன்று திசைக் கூறுகளும் எவ்வளவு அலைகின்றன என்று கூட்டினால், கட்டுப்பாடே இல்லாத ஸ்பின்னுக்கு முக்கால் வரும். ஏதாவது ஒரு திசையில் எவ்வளவு இறுக்கமாக நிறுத்தினாலும் அரைக்குக் கீழே போகாது. பின்னாத ஸ்பின்கள் எத்தனை சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அந்த அரையைக் கொடுத்தே தீரவேண்டும். முக்காலில் அரை என்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஏற்புத்திறனை வெப்பநிலையால் பெருக்கிய மதிப்பு, கியூரி மாறிலியில் (தனித்த ஸ்பின்னுக்கு அதே பெருக்கல் தரும் மாறாத மதிப்பு) மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கினால், அங்கே பின்னல் இல்லாமல் இருக்க வழியில்லை. தூள் மாதிரியை அளந்தால் மூன்று திசைச் சராசரி தானாகவே கிடைத்துவிடுகிறது. இதற்குத் தனிப்படிகம் தேவையில்லை.

காப்பர் அசிடேட்டுக்குச் சராசரி ஜி சுமார் 2.16. கியூரி மாறிலி 0.437, அதில் மூன்றில் இரண்டு பங்கு 0.292. இதைப் போர் மேக்னட்டானாக மாற்றினால் 1.53. அளந்து வருவது 1.4. எல்லைக்குக் கீழே. ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் எழுதிவிட்டு மறந்துபோகும் அந்த 1.4 என்ற எண், பின்னலுக்கு அறை வெப்பநிலைச் சாட்சி. ஹீலியமும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம்.

ஆனால் எல்லைக்கும் அளவுக்கும் நடுவே உள்ள இடம் பெரிதில்லை. பெருக்கல் மதிப்பில் 16 சதவீதம்தான். ஆகவே எந்தத் தப்பு எந்தப் பக்கம் தள்ளும் என்பது தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஜி. பாடப்புத்தகப் பழக்கத்தில் 2 என்று போட்டால் எல்லை 1.53-இலிருந்து 1.41-க்கு இறங்கிவிடும், 1.40-ஐ வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது. அடுத்தது டயாகாந்தத் திருத்தம், அதாவது எல்லாப் பொருளிலும் புலத்துக்கு எதிராக எழும் சிறு காந்தத்தைச் சரிக்கட்டுவது. ஒரு தாமிரத்துக்கான பங்கில் இந்தத் திருத்தம் மோலுக்கு சுமார் 85×10⁻⁶ சி.ஜி.எஸ். அலகு. மொத்த ஏற்புத்திறனே 830×10⁻⁶ அளவில் இருப்பதால் இது பத்தில் ஒரு பங்கு. திருத்தத்தைப் போடாமல் விட்டால் 1.41 என்று வரவேண்டிய அளவு 1.34 என்று வரும். பின்னல் இன்னும் பலமாக இருப்பது போலப் பொய்யாகத் தெரியும். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தப்பு, ஏனென்றால் நாம் ஆசைப்படும் பக்கமே தள்ளுகிறது. ஜோடி சேராத தாமிரம் 5 சதவீதம் கலந்திருந்தால் அதே 1.41 அளவு 1.44 ஆகும், அது நமக்கு எதிர்ப்பக்கம். வெப்பநிலையைச் சாராத பாராகாந்தம் என்று தாமிரத்துக்குச் சுமார் 60×10⁻⁶ உண்டு. அதைக் கழிக்காமல் விட்டாலும் எதிர்ப்பக்கம்தான் தள்ளும், ஆகவே கழிக்காமலே எல்லைக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது.

அளக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை எல்லாம் பழைய சமாச்சாரங்கள். அளவீட்டுத் தரத்துக்கு மெர்க்குரி கோபால்ட் தயோசயனேட். 20 டிகிரியில் ஒரு கிராமுக்கு 16.44×10⁻⁶. காப்பர் அசிடேட்டுக்குத் திருத்தத்துக்கு முன் 3.7×10⁻⁶ தான், அதாவது கால் பங்குக்கும் குறைவு. குழாயின் உட்பரப்பு 0.2 சதுர சென்டிமீட்டர், தூளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், புலம் 1 டெஸ்லா என்றால் எடை மாற்றம் சுமார் 38 மில்லிகிராம். 0.5 டெஸ்லா காந்தத்தில் அது 9.5 மில்லிகிராமாகச் சுருங்கும். அப்போது வெற்றுக் குழாயின் எதிர் எடை மாற்றத்தைத் தனியாக அளக்காமல் விட்டால் முடிவு கெடும். தூளைக் கல்வத்தில் ஒரே சீராக அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேசையில் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும்; இரண்டு தடவை நிரப்பி இரண்டிலும் வரும் வித்தியாசம்தான் உண்மையான பிழை அளவு. இரும்புக் கரண்டியால் அள்ளக்கூடாது. சந்தேகம் இருந்தால் காந்தத்துக்கு 2 ஆம்பியர் கொடுத்து ஒரு தடவை, 3 ஆம்பியர் கொடுத்து ஒரு தடவை அளந்து பார்க்கலாம்; ஏற்புத்திறன் இரண்டிலும் ஒன்றாக வரவில்லை என்றால் இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. சாட்சிவிதி சிறு புலத்துக்குத்தான் செல்லும். 300 கெல்வினுக்கு முன்னால் 1 டெஸ்லாவின் 1.4 கெல்வின் ஒன்றுமே இல்லை, ஆகவே இங்கே கவலை இல்லை. ஆனால் காப்பர் நைட்ரேட்டை 2 கெல்வினில் 5 டெஸ்லா போட்டு அளந்துவிட்டு அதே விதியைப் பொருத்துவது தப்பு. புலத்துக்குக் குறுக்கான திசைகளில் அலைவை அப்போது ஏற்புத்திறனிலிருந்து எடுக்க முடியாது.

சரி, இந்த அசிடேட்டின் பின்னலைக் காந்தத்தால் அசைக்க முடியுமா? 417-ஐ 1.451-ஆல் வகுத்தால் (ஜி 2.16-க்கு ஒரு டெஸ்லாவுக்கு 1.451 கெல்வின்) 287 டெஸ்லா. சுருள் உடையாமல் துடிப்பாகக் கொடுத்த புலத்தில் உலகச் சாதனையே 100 டெஸ்லாவை ஒட்டித்தான். 287 என்றால் காந்தச் சுருள் வெடித்துச் சிதறும் மைக்ரோநொடிக்குள் அளந்து முடிக்க வேண்டும்.

மோட்டார்காரர் கேட்கும் கேள்வி

நாமே கட்டும் காந்தத்தால் எந்தப் பின்னலைப் புரட்டலாம் என்று கேட்டால், வைண்டிங் வேலை தெரிந்தவருக்கு விடை சட்டென்று பிடிபடும். 10 மில்லிமீட்டர் இடைவெளியில் 1.5 டெஸ்லா வேண்டுமென்றால் ஏறக்குறைய 12,000 ஆம்பியர்-சுற்று. 4 ஆம்பியரில் 3,000 சுற்றுக் கட்டினால் வந்துவிடும். 2 டெஸ்லாவைத் தாண்டினால் ஸ்டாம்பிங் இரும்பு நிறைந்துவிடும், அதற்கு மேல் இரும்பு துணைக்கு வராது. 3.72 டெஸ்லாவைக் காற்றுச் சுருளில் எடுக்க நீளத்தில் ஒரு மீட்டருக்கு 30 லட்சம் ஆம்பியர்-சுற்று. பெரிய அளவில் நீர்க்குளிரூட்டல் இல்லாமல் தாமிரக் கம்பி அந்தச் சூட்டைத் தாங்காது; வழக்கமான வழி மீக்கடத்திதான். ஆக நம் பட்டறையில் கட்டக்கூடிய 2 டெஸ்லாக் காந்தத்தால் புரட்டிவிடக்கூடிய பின்னலின் இடைவெளி 2.7 கெல்வின், அது தீரும் வெப்பநிலை 2.4 கெல்வின்.

முதலில் சொன்ன ஒரே எண் இதுதான். பின்னல் தாங்கும் வெப்பநிலையும், அதைப் புரட்டத் தேவையான புலமும் ஒரே இடைவெளியிலிருந்து வருகின்றன. இரண்டையும் வகுத்தால் ஜி 2-க்கு ஒரு டெஸ்லாவுக்கு 1.22 கெல்வின், எந்த ஜோடிக்கும் இதே விகிதம். 14 டெஸ்லா எந்திரத்தால் புரட்டக்கூடிய எதுவும் 17 கெல்வினுக்கு மேல் பின்னியிருக்காது. அறைச் சூட்டில் பின்னியிருக்கும் எதையும் சுருள் உடையாத எந்த ஆய்வகக் காந்தமும் புரட்டாது. வேதியியலை மாற்றி, பாலத்தை மாற்றி, தாமிரத் தூரத்தை மாற்றி ஜே-யை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், விகிதம் கூடவே வரும். அசிடேட்டின் பின்னலை "அது வெறும் வேதிப்பிணைப்புதானே, ஹைட்ரஜன் மூலக்கூறுக்குள்ளும் இருப்பதுதானே" என்று ஒதுக்குபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 2.6 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் இரண்டு தாமிரத்தில் ஒன்றை மட்டும் தனியாகத் தொட முடியாது. தொட முடியாததை வைத்துக் கணிப்பான் செய்ய முடியாது. ஆனால் அவர்களே காப்பர் நைட்ரேட்டின் பின்னலைச் சாதனை என்று கொண்டாடினால் அது ஒத்துவராது, இரண்டும் ஒரே சிங்லெட்.

உண்மையிலேயே படிப்படியான கட்டுப்பாடு வேண்டுமென்றால் புலம் சீராக இருக்கக்கூடாது. இரண்டு ஸ்பின்னும் வேறு வேறு புலத்தைப் பார்த்தால், சிங்லெட்டோடு நடு டிரிப்லெட் கலந்து, கன்கரன்ஸ் 1-இலிருந்து வழவழவென்று இறங்கும். புல வேறுபாட்டின் ஆற்றல், சிங்லெட்-டிரிப்லெட் இடைவெளிக்குச் சமமாகும்போது 0.71. படிகத்தில் இது நடக்காத காரியம். 5 கெல்வின் ஜோடிக்குச் சில ஆங்ஸ்ட்ராமுக்குள் 3.72 டெஸ்லா வேறுபாடு வேண்டும். குவாண்டம் புள்ளிகளில் (ஓரிரு எலக்ட்ரானை அடைத்து வைக்கும் நுண்ணிடங்கள்) இடைவினையை மின்னழுத்தத்தால் 0.1 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறக்க முடியும் என்பதால், ஜி 2 உள்ள சிலிக்கானில் 0.9 மில்லிடெஸ்லா வேறுபாடே போதும். பக்கத்தில் ஒரு நுண்காந்தத்தை வைத்துவிடுகிறார்கள். மேடை வாக்கியம் அங்கேதான் முழுசாகப் பொருந்தும்.

ஐசிங் வகை ஜோடியில் (இடைவினை ஒரே ஒரு திசையில் மட்டும் உள்ளது) குறுக்குப் புலம் போடுவது இன்னொரு வழி. மிகச் சிறிய புலமே முழுப் பின்னலைத் தரும் என்று 2001-இல் குன்லிக்கே குழு காட்டியது. காகிதத்தில் அது உண்மை. ஆனால் பவுலி கணக்கில் 5 கெல்வின் இடைவினை உள்ள ஜோடிக்கு 0.15 டெஸ்லாக் குறுக்குப் புலம் போட்டால், பின்னிய தரைநிலைக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லிகெல்வின்தான் இடைவெளி. 20 மில்லிகெல்வினில் ஓடும் டைல்யூஷன் குளிரூட்டியில்கூட இரண்டும் சமமாகக் கலந்து பின்னல் கரைந்துவிடும். புலத்தைக் கூட்டினால் இடைவெளி புலத்தின் வர்க்கமாகப் பெருகும், கூடவே தரைநிலையின் பின்னல் குறையும். நடுவில் ஓர் உகந்த புலம் உண்டு. அது வெப்பநிலையைப் பொறுத்து நகரும்.

14 டெஸ்லா எந்திரத்தில் நேரம் கிடைத்தால்

வெளியூர் மத்திய ஆய்வகம் ஒன்றில் இரண்டு நாள் நேரம் கிடைத்து, எந்திரம் 14 டெஸ்லா, 2 கெல்வின் வரை இறங்கும் என்றால், இடைவெளி 10 கெல்வினை ஒட்டிய ஜோடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2 கெல்வினில் புலம் இல்லாதபோது கன்கரன்ஸ் 0.96, 14 டெஸ்லாவில் 0.01. வெட்டு 7.44 டெஸ்லாவில். ஆனால் வரைபடத்தில் செங்குத்தான படியை எதிர்பார்க்கக்கூடாது. பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறு வரை மாற, வெப்பநிலையின் 4.4 மடங்கு ஆற்றல் அகலம் வேண்டும்; 2 கெல்வினில் அது 6.5 டெஸ்லா. படி என்று சொல்லவே முடியாத சரிவு. ஹீலியம்-3 செருகு (இன்னும் குளிர வைக்கும் துணைக்கருவி) கிடைத்து 0.4 கெல்வினுக்கு இறங்கினால் 1.3 டெஸ்லாவுக்குள் முடியும். 2 கெல்வினில் அளந்துவிட்டு "மாற்றமே தெரியலீங்க" என்று திரும்பி வருபவர்களின் கதை பெரும்பாலும் இந்த அகலம்தான்.

புலத்தை ஏற்றும் வேகம் பற்றி வீண் பயம் வேண்டாம். வெட்டும் இடத்தில் சிறு கலப்பு இருந்து 1 மைக்ரோகெல்வின் அளவுக்கு மட்டங்கள் விலகினாலே, நிமிடத்துக்கு 1 டெஸ்லா என்ற வேகத்தில் லாண்டௌ-ஸீனர் கணக்குப்படி அடிமட்டத்தை விட்டு மேல்மட்டத்துக்குத் தாவிப்போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். தொல்லை கொடுப்பது சூடு. வெட்டை நெருங்கும்போது மாதிரி தானாகக் குளிரும், தாண்டியதும் சூடாகும். குளிர்த்தட்டில் இருக்கும் வெப்பமானி இதைப் பார்க்காது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் காந்தமாக்க வளைவு ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை என்றால் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டவேண்டும். மாதிரியை ஏபியஸான் கிரீஸில் மெல்லியதாகப் பதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிறுபுல அளவீட்டைக் கடைசியில் வைத்தால், மீக்கடத்திக் காந்தத்தில் தங்கிவிட்ட சில பத்து ஓர்ஸ்டெட் (பத்தாயிரம் ஓர்ஸ்டெட் ஒரு டெஸ்லா) புலம் கியூரி மாறிலியைக் கெடுக்கும். அதை முதல் நாள் காலையிலேயே, 0.1 டெஸ்லாவில், 300 கெல்வினிலிருந்து 2 வரை எடுத்துவிட்டு, உயர்புல ஓட்டங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.